பனிக்காலம் கடந்த தேன்கூடு

நுழையும்முன்

வேனிலில் சேர்த்த தேனைக் கொண்டு பனிக்காலத்தைக் கடப்பது தேனீக்களின் வாழ்க்கைமுறை. அந்தச் சேமிப்பை எடுக்க விரும்பிய மனிதர், நெடுங்காலம் கூட்டையும் சேர்த்தே அழித்தனர். தேனையும் பெறலாம், தேனீக்களையும் காக்கலாம் என்று உலகுக்குக் காட்டியவர் அமெரிக்கச் சமயப் போதகர் ஒருவர். அரை விரற்கடைக்கும் குறைவான ஓர் இடைவெளியைக் கூர்ந்து நோக்கி, அதன் பயனை உணர்ந்ததே அவர் செய்த அருஞ்செயல். நோயும் பொருளிழப்பும் இடைவிடாது வருத்தியபோதும் தம் பணியைக் கைவிடாத அப்பெருமகனாரின் வாழ்க்கையை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

கோடையின் உழைப்பு

குளிர்நாடுகளில் ஆண்டின் பாதி நாள்கள் பூக்கள் இல்லாத நாள்கள். எறும்பும் தேனீயும் சேமித்து வைப்பதை நாம் பாராட்டிப் பேசுகிறோம். ஆனால் தேனீக்குச் சேமிப்பு என்பது உயிர்ப் பிரச்சினை. பனி பொழியும் மாதங்களில் தேனீக்கள் உறங்கிவிடுவதில்லை. இராணியை நடுவில் வைத்து ஒன்றோடொன்று நெருங்கிப் பந்துபோல் திரள்கின்றன. சிறகை அசைக்காமல் பறத்தலுக்குரிய தசைகளை மட்டும் நடுங்கச் செய்து வெப்பத்தை உண்டாக்குகின்றன. வெளியே நீர் உறைந்து கிடக்கும்போதும் திரளின் நடுப்பகுதி வெதுவெதுப்பாகவே இருக்கும். அந்த வெப்பத்துக்கு எரிபொருள் தேனே. தேன் தீர்ந்தால் வெப்பம் தீரும். வெப்பம் தீர்ந்தால் கூடு முழுவதும் மடியும்.

வேனிலில் பிறக்கும் வேலைக்காரத் தேனீ ஏறத்தாழ ஆறு வாரங்களே வாழ்கிறது. இலையுதிர்காலத்தில் பிறப்பவையோ நான்கு முதல் ஆறு மாதங்கள்வரை வாழ்ந்து, மறு இளவேனிலைக் காண்கின்றன. கோடையில் தேன் சேர்த்த தேனீக்களுள் பெரும்பாலானவை அத்தேனை உண்பதற்கு உயிரோடு இருப்பதில்லை. அவை தமக்குப் பின்வரும் தலைமுறைக்காகவே உழைக்கின்றன.

பழைய முறையில் வைக்கோற் கூடைகளிலும் மரப்பெட்டிகளிலும் தேனீக்கள் வளர்க்கப்பட்டன. அடைகள் பெட்டியின் மேற்புறத்திலும் பக்கங்களிலும் ஒட்டிக்கொண்டிருக்கும். உள்ளே எவ்வளவு தேன் இருக்கிறது, இராணி நலமாக உள்ளதா என்பவற்றை அறிய வழியில்லை. இலையுதிர்காலத்தில் கூடைகளைத் தூக்கிப் பார்த்து எடையால் மதிப்பிட்டனர். மிகக் கனமானவற்றைத் தேனுக்காகவும், மிக இலேசானவற்றைப் பனிக்காலத்தைத் தாங்கமாட்டா என்பதற்காகவும் தேர்ந்தெடுத்தனர். குழியில் கந்தகத்தை எரித்து, அப்புகையின்மேல் கூடையை வைத்துத் தேனீக்களைக் கொன்றனர். நன்றாக உழைத்த கூடும் அழிந்தது. உழைக்க இயலாத கூடும் அழிந்தது. இந்நிலையை மாற்றியவரே லாரன்சோ லொரைன் லாங்ஸ்ட்ராத்.

மண்டியிட்ட சிறுவன்

லாங்ஸ்ட்ராத் 1810ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் பிறந்தார். சிறுவயதிலேயே பூச்சிகளின் வாழ்க்கை அவரை ஈர்த்தது. சரளைக்கற்கள் பரப்பிய நடைபாதையில் மணிக்கணக்கில் மண்டியிட்டு எறும்புகளைக் கவனிப்பார். இதனால் காற்சட்டையின் முழங்காற்பகுதி கிழிந்துபோக, வீட்டில் அடி வாங்கியதும் உண்டு. பள்ளியிலும் காகிதத்தில் சிறு கூண்டுகள் செய்து ஈக்களை அடைத்து வைத்ததற்காகத் தண்டனை பெற்றார். அக்காலப் பெரியோர் கண்களுக்கு இவை வீண் விளையாட்டாகவே தோன்றின. பொறுமையாகக் கவனித்தல் என்னும் பிற்காலச் செல்வம் அந்நாளிலேயே சேரத் தொடங்கியதை யாரும் அறியவில்லை.

யேல் கல்லூரியில் பயின்று 1831ஆம் ஆண்டு பட்டம் பெற்றார். சில ஆண்டுகள் அங்கேயே கணிதம் கற்பித்தார். 1836ஆம் ஆண்டு மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஆண்டோவர் நகரில் திருச்சபைப் போதகராகப் பொறுப்பேற்றார். அதே ஆண்டில் ஆனா டக்கர் என்னும் ஆசிரியையை மணந்தார்.

கண்ணாடிக் கலத்தில் தேனடை

1838ஆம் ஆண்டு வேனிற்காலத்தில் நண்பர் ஒருவரின் வீட்டுக்குச் சென்றார் லாங்ஸ்ட்ராத். மேசைமேல் ஒரு கண்ணாடிக் கலத்தில் தேன் நிறைந்த அடை ஒளிர்ந்துகொண்டிருந்தது. அதன் அழகில் மனம் பறிகொடுத்த அவர், அந்நண்பர் வளர்த்த தேனீக்களையும் பார்வையிட்டார். அன்று வீடு திரும்பும்போது இரண்டு தேனீக்கூடுகள் அவருக்குச் சொந்தமாகியிருந்தன. அப்போது அவருக்குத் தேனீ வளர்ப்புப் பற்றிய நூலறிவு எதுவும் இல்லை.

பின்னர்ப் பிற நாட்டு அறிஞர்களின் நூல்களைத் தேடிக் கற்றார். கண்பார்வை இழந்தபோதும் உதவியாளரின் கண்களைக்கொண்டு தேனீக்களை ஆராய்ந்த சுவிட்சர்லாந்து நாட்டு அறிஞர் பிரான்சுவா ஹியூபரின் ஆய்வுகள் அவருக்கு வழிகாட்டின. புத்தகத்தின் பக்கங்களைப் புரட்டுவதுபோல் அடைகளை விரித்துக் காணத்தக்க கூடு ஒன்றை ஹியூபர் அமைத்திருந்தார். அது ஆராய்ச்சிக்கு ஏற்றதாக இருந்தது; ஆனால் நாள்தோறும் கையாளும் தேனீ வளர்ப்போருக்கு எளிதாக அமையவில்லை. எவரும் அஞ்சாமல் திறந்து மூடத்தக்க கூடு வேண்டும் என்னும் எண்ணம் லாங்ஸ்ட்ராத்தின் உள்ளத்தில் வேரூன்றியது.

தேனீ விடும் இடைவெளி

1848ஆம் ஆண்டு பிலடெல்பியாவுக்குத் திரும்பிய அவர், பெண்களுக்கான பள்ளி ஒன்றை நடத்திக்கொண்டே தேனீக்களை ஆராய்ந்தார். அவர் கையாண்ட கூடுகளில் அடைகள் மேற்சட்டங்களிலிருந்து தொங்கின. கூட்டின் மூடியைத் தேனீக்கள் பிசினால் ஒட்டிவிட்டதால், ஒவ்வொரு முறையும் அதனைப் பெயர்த்தெடுக்க வேண்டியிருந்தது. மூடிக்கும் சட்டங்களுக்கும் நடுவே சிறிது இடம் விட்டு அமைத்தபோது தேனீக்கள் அவ்விடத்தை அடைக்காமல் விட்டதைக் கண்டார்.

ஆயினும் ஒரு துன்பம் நீடித்தது. அடைகள் பெட்டியின் பக்கச் சுவர்களில் ஒட்டியே இருந்தன. அவற்றைக் கத்தியால் அறுத்தெடுக்கும்போது தேன் ஒழுகியது, தேனீக்கள் நசுங்கின, கூடு முழுவதும் சினங்கொண்டது. இதற்கு விடை 1851ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள் கிடைத்தது. மூடியின்கீழ் விட்ட அதே இடைவெளியைப் பக்கங்களிலும் அடியிலும் விட்டால் என்ன என்று சிந்தித்தார். அடையைத் தாங்க நான்கு பக்கமும் கொண்ட மரச்சட்டம். சட்டத்துக்கும் பெட்டிக்கும் இடையே ஏறத்தாழ எட்டு மில்லிமீட்டர் வெளி. இவ்வளவுதான் அவர் கண்ட தீர்வு.

தேனீக்கள் இதனினும் குறுகிய இடத்தைப் பிசினால் அடைக்கும். அகன்ற இடத்தில் அடை கட்டும். இவ்வளவில் அமைந்த இடத்தை மட்டும் தாம் நடமாடும் வழியாக விட்டுவைக்கும். தேனீக்களின் இயல்புக்கு மாறாக எதையும் திணிக்காமல், அவ்வியல்பையே அடிப்படையாகக் கொண்டு கூட்டை அமைத்ததே லாங்ஸ்ட்ராத்தின் சிறப்பு. இப்போது ஒவ்வொரு சட்டத்தையும் தனித்தனியே உயர்த்திப் பார்க்கலாம். மீண்டும் அதே இடத்தில் வைக்கலாம். ஒரு தேனீயும் சாக வேண்டியதில்லை.

பனிக்காலத்துக்கு முன்னேற்பாடு

கூட்டைத் திறக்க முடிந்ததால் பனிக்காலத்துக்கு அதனை ஆயத்தம் செய்வதும் எளிதாயிற்று. வேனில் முடியும் முன்பே வளர்ப்போர் சட்டங்களை எடுத்துப் பார்த்து, தேன் போதுமான அளவு இருக்கிறதா என்று அறிந்தனர். மிகுதியாக உள்ள கூட்டிலிருந்து ஒரு சட்டத்தை எடுத்து, குறைவாக உள்ள கூட்டுக்கு வழங்கினர். இராணியை இழந்த கூட்டைக் காலத்தோடு கண்டறிந்தனர்.

வலுக்குறைந்த கூடுகளைத் தனித்தனியே விடாமல் ஒன்றாக இணைக்க வேண்டும் என்று லாங்ஸ்ட்ராத் அறிவுறுத்தினார். சிறிய திரள் தன் வெப்பத்தை விரைவில் இழந்துவிடும், இரண்டு சிறு திரள்கள் தனித்திருந்தால் இரண்டும் மடியக்கூடும், சேர்ந்திருந்தால் பிழைக்கும். உணவு குறைந்த கூட்டுக்குச் சர்க்கரைப்பாகு கொடுப்பதாயின் குளிர் தொடங்குவதற்கு முன்பே கொடுக்க வேண்டும். பாகிலுள்ள நீரை வற்றச் செய்து, அறைகளை மெழுகால் மூடுவதற்குத் தேனீக்களுக்கு வெயிலும் நாள்களும் தேவை.

குளிரைவிட ஈரம் கொடியது என்பதையும் அவர் விளக்கினார். தேனீக்களின் மூச்சிலிருந்து வெளிப்படும் நீராவி குளிர்ந்த மூடியில் பட்டு நீராகி, திரளின்மேல் சொட்டும். நனைந்த தேனீக்கள் விறைத்து விழும். எனவே மேற்புறத்தில் ஈரக்காற்று வெளியேற வழி அமைத்தார். கடுங்குளிரில் திரள் ஓர் அடையை விட்டு அடுத்த அடைக்குச் செல்ல இயலாமல், அருகிலேயே தேன் இருந்தும் பட்டினியால் இறப்பதுண்டு. அதனைத் தவிர்க்க, குளிருக்கு முன்னரே அடைகளின் நடுவில் சிறு துளையிட்டு வழி செய்யும்படி கூறினார்.

நூலும் காப்புரிமையும்

1852ஆம் ஆண்டு அக்டோபர் 5ஆம் நாள் அவரது கூட்டுக்குக் காப்புரிமை கிடைத்தது. அடுத்த ஆண்டு, கூடு பற்றியும் தேனீ பற்றியும் அவர் எழுதிய நூல் வெளிவந்தது. அதன் கையெழுத்துப்படியை அச்சுக்கு ஏற்பச் செப்பமாக எழுதித் தந்தவர் அவருடைய மனைவி. ஐரோப்பாவில் சைலீசியா நாட்டுப் பாதிரியார் யோகான் சியர்சோன் இதே துறையில் உழைத்து வந்தார். அவரது செருமானிய நூலை மொழிபெயர்த்திருந்த சாமுவேல் வாக்னர், லாங்ஸ்ட்ராத்தின் பணியைக் கண்டு வியந்து, தம் மொழிபெயர்ப்பை அவரது பயன்பாட்டுக்கே கொடுத்துவிட்டார். அறிவுலகில் அரிதாகக் காணப்படும் பெருந்தன்மை இது.

காப்புரிமையோ லாங்ஸ்ட்ராத்துக்குச் செல்வம் தரவில்லை. செய்வதற்கு எளிதாக இருந்ததாலேயே அக்கூட்டைப் பலரும் அவர் இசைவின்றிச் செய்து விற்றனர். வழக்குகளில் பொருளும் உடல்நலமும் கரைந்தன. நாடெங்கும் அவர் கூடு பரவியது; அவர் இல்லத்தில் வறுமை நீங்கவில்லை.

இருள் சூழ்ந்த நாள்கள்

இளமை முதலே லாங்ஸ்ட்ராத்தைக் கடும் மனச்சோர்வு நோய் வாட்டியது. அது வரும்போது மாதக்கணக்கில் எப்பணியும் செய்ய இயலாது. உயிரினும் மேலாக நேசித்த தேனீக்களைக் காணவோ அவை பற்றிய நூலைத் தொடவோகூட மனம் இசையாது. போதகர் பணியையும் ஆசிரியப் பணியையும் அவர் இடையிடையே துறக்க நேர்ந்ததற்கு இந்நோயே காரணம். அக்கால மருத்துவத்தில் இதற்குத் தக்க சிகிச்சை இல்லை. நோய் விலகிய ஒவ்வொரு முறையும் விட்ட இடத்திலிருந்து பணியைத் தொடர்ந்தார் என்பதே அவர் வாழ்வின் வியப்பு.

1858ஆம் ஆண்டு ஓகியோ மாநிலத்தின் ஆக்ஸ்போர்டு என்னும் ஊரில் குடியேறினார். சிறு வீட்டைச் சுற்றிய நிலத்தில் தேனீக்களுக்கு உணவாகும் மரங்களையும் செடிகளையும் வளர்த்தார். தம் மகன் ஜேம்ஸின் துணையோடு இத்தாலியத் தேனீ இனத்தை வளர்த்து, இராணித் தேனீக்களைப் பல ஊர்களுக்கும் அனுப்பினார். 1870ஆம் ஆண்டு மகனையும் 1873ஆம் ஆண்டு மனைவியையும் இழந்தார். பின்னர் மகள் குடும்பத்தாருடன் வாழ்ந்தார்.

1895ஆம் ஆண்டு அக்டோபர் 6ஆம் நாள், டேட்டன் நகரத் திருச்சபை ஒன்றில் அருளுரை ஆற்றத் தொடங்கிய சிறிது நேரத்தில் உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது 84.

தமிழ் மண்ணில் தேன்பெட்டி

சட்டங்கள் கொண்ட கூடு உலகெங்கும் தேனீ வளர்ப்பை மாற்றியது. 1865ஆம் ஆண்டு அடையைச் சிதைக்காமல் சுழற்சியால் தேனெடுக்கும் கருவி உருவானது. தேன் எடுத்தபின் அதே அடையைத் தேனீக்களுக்கே திருப்பித் தரவும் முடிந்தது. இந்தியத் தேனீ உடலளவில் சிறியது. அதற்கேற்பச் சிறிய பெட்டியை வடிவமைத்த அருள்தந்தை நியூட்டன், 1911 முதல் 1917வரை தென்னிந்தியச் சிற்றூர் மக்களுக்குப் பயிற்சியளித்தார். அப்பெட்டி இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. மார்த்தாண்டத்தில் 1924ஆம் ஆண்டு முதல் ஸ்பென்சர் ஹாட்ச் நடத்திய ஊரகப் பணியால் தேனீ வளர்ப்பு அப்பகுதியின் குடிசைத் தொழிலாக வளர்ந்தது.

நம் நாட்டுச் சமவெளிகளில் பனி உறையும் காலம் இல்லை. ஆயினும் பஞ்சகாலம் உண்டு. தாம்பரம், சிறுசேரி போன்ற பகுதிகளில் வேம்பும் புங்கும் புளியும் கோடையை ஒட்டிப் பூக்கின்றன. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை விடாது பெய்யும்போது தேனீக்கள் வெளியே செல்ல இயலாது. பூவிலுள்ள தேனும் மழைநீரில் கரைந்துபோகும். கோடையில் தேன் முழுவதையும் எடுத்துவிட்டால், பசி தாங்காத இந்தியத் தேனீக்கள் பெட்டியைத் துறந்து பறந்துவிடும். குளிர்நாட்டார்க்குப் பனி எதுவோ, நம் தேனீக்களுக்கு அடைமழை அது. கூட்டுக்கு உரிய பங்கைக் கூட்டிலேயே விட்டுவைத்தல் என்னும் நெறி எந்நாட்டுக்கும் பொதுவானது.

தேன் வேண்டியவர் தேனீயைக் கொல்ல வேண்டியதில்லை என்பதை லாங்ஸ்ட்ராத்தின் வாழ்க்கை உணர்த்துகிறது. சிறு இடைவெளி ஒன்றைக் கவனித்த கண்கள், உயிர்களோடு இணங்கி வாழும் பெருவழியைத் திறந்துவிட்டன.

தெரிந்து தெளிவோம்

தமிழகத்தில் காணப்படும் தேனீக்களுள் மலைத்தேனீ உயர்ந்த பாறைகளிலும் மரங்களிலும் பெரிய ஒற்றை அடையைக் கட்டும். கொம்புத்தேனீ புதர்க்கிளைகளில் சிறிய ஒற்றை அடையைக் கட்டும். இந்தியத் தேனீ மரப்பொந்திலும் பாறை இடுக்கிலும் பல அடைகளை அடுக்காகக் கட்டும். இதனாலேயே இதனை அடுக்குத்தேனீ என்பர். இருள் சூழ்ந்த பொந்தில் அடுக்காக அடை கட்டும் இயல்பினாலேயே இதனைப் பெட்டியில் வளர்க்க முடிகிறது. கொசுத்தேனீ கொட்டாத இனத்தைச் சேர்ந்தது.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் ஒவ்வொரு மாதமும் பூக்கும் மரங்களைப் பட்டியலிட்டு, தேனீக்களுக்கு உணவு குறையும் மாதங்கள் எவை எனக் கண்டறிந்து வகுப்பில் பகிர்க.

2. மனச்சோர்வு நோயோடு போராடிய லாங்ஸ்ட்ராத்துக்குக் குடும்பத்தாரும் நண்பர்களும் துணைநின்ற விதத்தை மையமாகக் கொண்டு ஒரு பக்க அளவில் கட்டுரை எழுதுக.