ஜீனோவைப் பெற்ற இன்ஜினியர்

ஹங்கர் கேம்ஸ் நாவல் முதன்முதலா அச்சானது 2008 செப்டம்பர்ல. அதே வருஷம் பிப்ரவரி 27-ஆம் தேதி சென்னையில் எழுத்தாளர் சுஜாதா காலமானார். நம்ம ஜூனியர்ஸ்ல பல பேர் அப்போ பொறந்திருக்கவே மாட்டாங்க, ஃபைனல் இயர் மக்கள் தவழ்ந்துக்கிட்டு இருந்திருப்பாங்க. இந்த ரெண்டு தேதியையும் பக்கத்துல பக்கத்துல வச்சது சும்மா இல்ல. ஹாஸ்டல்ல ரூமுக்கு ரூம் சுத்திக்கிட்டு இருக்கிற ஹங்கர் கேம்ஸ், மேஸ் ரன்னர், டைவர்ஜென்ட் எல்லாம் ஒரே கதையைத்தான் வேற வேற சட்டை போட்டுச் சொல்லுது. எதிர்கால நாடு, எல்லாத்தையும் கண்காணிக்கிற ஆட்சி, அதுல மாட்டிக்கிட்ட ஒரு இளசு. இப்படிப்பட்ட கதையை அதுக்கு இருபது வருஷத்துக்கு முன்னாடியே தமிழ்ல வாராவாரம் தொடர்கதையா எழுதி, அதை லட்சக்கணக்கான வீடுகள்ல அம்மா, பாட்டி வரைக்கும் படிக்க வச்ச ஒரு மனுஷன் இருந்தார். அவரும் நம்மள மாதிரி இன்ஜினியரிங் படிச்சவர்தான்.

சுஜாதாவோட இயற்பெயர் ரங்கராஜன். 1935 மே 3-ஆம் தேதி சென்னை திருவல்லிக்கேணியில் பிறந்தார். அப்பாவுக்கு மின்சாரத் துறையில் வேலை, அடிக்கடி ஊர் மாற்றம். அதனால் பையனை ஸ்ரீரங்கத்தில் பாட்டி வீட்டில் விட்டுவிட்டார்கள். கோயில், கொள்ளிடம், தெருக் கிரிக்கெட், திண்ணை அரட்டை என்று வளர்ந்த அந்த வருஷங்கள்தான் பின்னாளில் ஸ்ரீரங்கத்துத் தேவதைகள் என்ற கதைத் தொகுப்பாக வந்தது. நம்ம ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த ராமானுஜர் ஸ்ரீரங்கத்துக்குப் போய்ச் சேர்ந்தார். இவர் ஸ்ரீரங்கத்தில் இருந்து கிளம்பி நம்ம பக்கம் வந்தார். அந்தக் கதைக்கு இப்போ வர்றேன்.

திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் பி.எஸ்ஸி. இயற்பியல். அதுக்கப்புறம் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் எலக்ட்ரானிக்ஸ். வண்டலூர் வழியா ஊருக்குப் போறவங்க தாம்பரம் தாண்டினதும் பார்க்கிற அதே எம்.ஐ.டி.தான். 1949-ல் ராஜம் என்கிற தொழிலதிபர் சொந்த வீட்டையே விற்று ஆரம்பிச்ச கல்லூரி அது. அப்துல் கலாமும் அதே செயின்ட் ஜோசப், அதே எம்.ஐ.டி. என்று ஏறக்குறைய அதே காலத்தில் படித்தவர். அவர் விமானப் பிரிவு, இவர் எலக்ட்ரானிக்ஸ். ஒருத்தர் ராக்கெட் பக்கம் போனார். இன்னொருத்தர் ரெண்டு குதிரையில கால் வச்சார்.

அந்த ரெண்டு குதிரை விஷயம்தான் எனக்கு இவர் வாழ்க்கையில் ரொம்ப முக்கியமாப் படுது. படிக்கிற வயசிலேயே, 1953-ல், சிவாஜி என்ற பத்திரிகையில் முதல் கதை வந்துவிட்டது. ஆனால் அதை நம்பி வேலையை விடவில்லை. மத்திய அரசின் விமானப் போக்குவரத்துத் துறையில் சேர்ந்தார், மீனம்பாக்கம், டெல்லி என்று வேலை பார்த்தார். 1962-ல் குமுதத்தில் கதை வந்தபோது ஒரு சிக்கல். அங்கே ஏற்கெனவே ரா.கி.ரங்கராஜன் இருந்தார். ரெண்டு ரங்கராஜன் என்றால் குழப்பம் வரும் என்று மனைவியின் பெயரையே புனைபெயராக வைத்துக்கொண்டார். 1968-ல் நைலான் கயிறு குமுதத்தில் தொடராக வந்ததும் அந்தப் பெயர் ஊர் முழுக்கப் பரவியது. அடுத்து பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸ். 1993-ல் ஓய்வு பெறும்வரை அங்கேதான் வேலை. அதாவது அவர் எழுதின பிரபலமான நாவல்களில் பெரும்பாதி, பகலில் ஆபீஸ் போய்விட்டு வந்த ஒருத்தர் எழுதினது. நம்ம சீனியர் ஒருத்தர் ஒரகடத்துல ட்ரெய்னியா சேர்ந்து ஆறு மாசம் ஆச்சு. ஷிஃப்ட் முடிஞ்சு ரூமுக்கு வந்தா ஒரு பக்கம்கூடப் படிக்க முடியலன்னு சொன்னார். அவரைக் குறை சொல்லல, எனக்கும் அந்த பயம் இருக்கு. அதனாலதான் இந்த விவரத்துல நிக்கிறேன்.

பாரத் எலக்ட்ரானிக்ஸில் அவர் செய்த வேலைகளில் எல்லாருக்கும் தெரிந்தது மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம். அதை அவர் தனியாளாகக் கண்டுபிடித்தார் என்று ஃபார்வர்டு மெசேஜ் வரும், அது மிகை. ஹைதராபாத் ஈ.சி.ஐ.எல். நிறுவனமும் அதே சமயம் உழைத்தது, பெங்களூரிலும் ஒரு குழுவே இருந்தது. அந்தக் குழுவில் முன்னால் நின்றவர்களில் இவர் ஒருவர். 1982-ல் கேரளாவின் பரவூர் தொகுதியில் 50 வாக்குச்சாவடிகளில் முதல்முறை அந்த இயந்திரத்தை வைத்தார்கள். 123 ஓட்டு வித்தியாசத்தில் தோற்ற வேட்பாளர் கோர்ட்டுக்குப் போனார். சட்டத்தில் இயந்திரத்துக்கு இடமே இல்லை என்று 1984-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்தச் சாவடிகளில் மறுபடியும் காகிதச் சீட்டில் ஓட்டுப் போட்டார்கள், இந்தத் தடவை தோற்றவர் ஜெயித்துவிட்டார். சர்க்யூட் சரியா இருந்தா போதாது, மக்கள் நம்பணும், சட்டம் ஒத்துக்கணும். இதை கிளாஸ்ல யாரும் நமக்குச் சொல்றதில்ல. 1988-ல் சட்டத்தைத் திருத்திய பிறகுதான் பெட்டிக்கு வழி பிறந்தது.

இப்போ யோசிச்சுப் பாருங்க. பகலில் ஓட்டுப்பெட்டி வேலை. அதே வருஷங்களில் ராத்திரி உட்கார்ந்து எழுதினது, ஓட்டே தேவைப்படாத ஒரு நாட்டைப் பத்தி.

அதுக்கு ஒத்திகை மாதிரி முன்னாடியே சொர்க்கத் தீவு எழுதியிருந்தார். ஒரு கம்ப்யூட்டர் இன்ஜினியரைக் கடத்திக்கொண்டு போய் ஒரு தீவில் விடுகிறார்கள். அங்கே எல்லாரும் சந்தோஷமாக இருக்கிறார்கள், பிரச்சினையே அதுதான். உணர்ச்சியே இல்லாத சந்தோஷம். கம்ப்யூட்டரை நேரில் பார்த்தவர்களே அபூர்வமாக இருந்த காலத்தில் வந்த கதை இது. கொஞ்சம் அவசரத்தில் எழுதின மாதிரி இருக்கும், ஆனாலும் விதை அங்கே இருக்கிறது.

1980-களில் ஆனந்த விகடனில் வந்தது என் இனிய இயந்திரா. கதை நடக்கிற காலம் 2020-களின் தொடக்கம், அதாவது நாம் இப்போதுதான் தாண்டி வந்த வருஷங்கள். இந்தியா ஜீவா என்கிற தலைவரின் கையில். குழந்தை பெற்றுக்கொள்ளக்கூட அரசு அனுமதி வேண்டும். பெயர் ரெண்டு எழுத்துக்கு மேல் கூடாது. இப்போ பாத்திரங்களின் பெயரைப் பாருங்க: ஜீவா, நிலா, சிபி, ரவி, மனோ, ஜீனோ. எல்லாமே ரெண்டே எழுத்து. இதை முதல் தடவை கவனிச்சப்போ எனக்குச் சிலிர்த்துப் போச்சு. சட்டத்தை ஒரு பக்கத்துக்கு விளக்காம, ஒவ்வொரு பெயரைப் படிக்கும்போதும் நம்மளையே அந்தச் சட்டத்துக்குக் கீழ கொண்டுவந்துடறார்.

நிலாவும் சிபியும் குழந்தைக்கு அனுமதி கிடைத்த சந்தோஷத்தில் இருக்கும்போது சிபி காணாமல் போகிறான். அவன் என்று ஒருத்தன் இருந்த தடயமே இல்லாதபடி. அப்போது வீட்டுக்குத் தங்க வருகிறவன் ரவி, கூடவே அவனுடைய இயந்திர நாய் ஜீனோ. அந்த நாய் பேசும், புத்தகம் படிக்கும், போகப்போகத் தானாக யோசிக்க ஆரம்பிக்கும். ஸ்பாய்லர் வேண்டாம் என்பவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிப் போயிடுங்க.

ரவியும் மனோவும் ஜீவாவை ஒழிக்கத் திட்டம் போடுகிறார்கள். கடைசியில் பார்த்தால் ஜீவா என்று ஒரு ஆளே இல்லை, ஒளியில் செய்த பிம்பம். சரி, புரட்சி ஜெயித்தது, இனி விடியல்தான் என்று நினைத்தால் இல்லை. ஜெயித்தவர்கள் நிலாவை ராணியாக்கி முன்னால் நிறுத்திவிட்டு, பின்னால் இருந்து தாங்கள் ஆளப் பார்க்கிறார்கள். பிம்பம் போய் பொம்மை வந்தது, அவ்வளவுதான். மீண்டும் ஜீனோ என்கிற இரண்டாம் பாகம் முழுக்க இந்தப் பொம்மை ராணி தன்னைத் தானே மீட்டுக்கொள்ள முடியுமா என்பதுதான்.

ஹங்கர் கேம்ஸோட கடைசிப் பாகமும் ஏறக்குறைய இதே இடத்துக்குத்தான் வந்து சேருது. பழைய சர்வாதிகாரி போனதும் புதுசா ஒருத்தர் அதே நாற்காலியைப் பார்க்கிறார். அதுக்காக யார் யாரைப் பார்த்து எழுதினாங்கன்னு சண்டைக்குப் போக வேண்டாம், ஒரு தொடர்பும் கிடையாது. என் கருத்து வேற. காட்னிஸ் கையில வில் இருக்கு, முதல் பக்கத்துலயே அவ வேட்டைக்காரி. நிலா கையில ஒண்ணுமே இல்ல. ஆரம்பத்துல அழுவா, பயப்படுவா, யார் எதைச் சொன்னாலும் நம்புவா. கொஞ்சம் எரிச்சலாக்கூட இருக்கும், சுஜாதாவோட பெண் பாத்திரங்கள்ல பல இடத்துல வர்ற எரிச்சல்தான் அது. ஆனா அவ மாறுறது அடிச்சு இல்ல, கேள்வி கேட்டு. அதுவும் ஒரு நாய்கிட்ட கத்துக்கிட்டு. எனக்கு வில்லை விட இது பிடிச்சிருக்கு. நம்மள்ல எத்தனை பேருக்கு வில் விடத் தெரியும்?

குறையும் சொல்லிடணும். வாரத் தொடர் என்பதால் ஒவ்வொரு அத்தியாயமும் ஒரு திடுக்கில் முடியணும். புத்தகமாகச் சேர்த்துப் படிக்கும்போது அந்தத் திடுக் சலித்துவிடும். முடிவுகளில் அவசரம் தெரியும். இரண்டாம் பாகம் முதல் பாகத்துக்கு ஒரு படி கீழேதான். இவரைத் தீவிர இலக்கியக்காரர்கள் சிலர் வெறும் வணிக எழுத்து என்று ஒதுக்கினார்கள். நகரம் மாதிரி ஒரு சிறுகதையைப் படித்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன். ஜுரத்தில் கிடக்கும் மகளை மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு வரும் ஒரு கிராமத்துத் தாய், சீட்டுக்கும் வரிசைக்கும் நடுவே தொலைந்து போகிற கதை அது. அதில் ரோபோ இல்லை, எதிர்காலம் இல்லை. ஆனால் என்னைக் கேட்டால் அவர் எழுதினதிலேயே பயங்கரமான டிஸ்டோப்பியா அதுதான்.

அமானுஷ்யம் பிடிக்கிறவங்களுக்கு கொலையுதிர் காலம். பதினெட்டு வயசு நிரம்பப் போகிற லீனா, அவளுக்கு வரவேண்டிய சொத்து, ராத்திரியில் தோட்டத்தில் தெரியும் செத்துப்போன பெண்ணின் உருவம். வக்கீல் கணேஷ், அவனுடைய ஜூனியர் வசந்த். ஒருத்தன் விஞ்ஞானத்துக்கு அப்பால் ஏதோ இருக்கலாம் என்கிறான், இன்னொருத்தன் லேசர், ஹோலோகிராம் என்று கிளம்புகிறான். ட்வைலைட்ல ரத்தக்காட்டேரி இருக்குன்னு சொன்னா இருக்கு, நாம ஒத்துக்கிட்டாத்தான் அடுத்த பக்கம். இங்க அப்படியில்ல, கடைசி வரைக்கும் பேயா பிசிக்ஸான்னு இழுத்துக்கிட்டே போவார். விளக்கம் கிடைத்த பிறகும் ஒரு மூலையில் சந்தேகத்தை விட்டுவைப்பார். ராத்திரி பத்து மணிக்கு மேல ஆரம்பிக்காதீங்க, மறுநாள் இன்டர்னல்ஸ் இருந்தா கண்டிப்பா வேண்டாம்.

எழுதினதுக்காக மிரட்டலும் வந்திருக்கிறது. 1857 பின்னணியில் கருப்பு சிவப்பு வெளுப்பு என்ற தொடரை குமுதத்தில் ஆரம்பித்தார். ஒரு சமூகத்தைப் புண்படுத்துகிறது என்று கடும் எதிர்ப்பு கிளம்ப, சில வாரங்களிலேயே தொடர் நின்றது. மனுஷன் அதோடு விடவில்லை. மாற்றி எழுதி ரத்தம் ஒரே நிறம் என்று மறுபடி கொண்டுவந்தார். இன்னிக்கு ஒரு போஸ்ட்டுக்கு நாலு பேர் திட்டினா அக்கவுண்ட்டையே மூடிட்டுப் போற நமக்கு இது கொஞ்சம் உறைக்கும்.

நடுவில் அறிவியலைத் தமிழில் சொல்லும் வேலையும் ஓடிக்கொண்டே இருந்தது. ஜூனியர் விகடனில் ஏன் எதற்கு எப்படி கேள்வி பதில், சிப் பற்றி சிலிக்கன் சில்லுப் புரட்சி என்ற புத்தகம். 1993-ல் அறிவியலை மக்களிடம் கொண்டுசென்றதற்காக மத்திய அரசின் விருது கிடைத்தது. ஓய்வுக்குப் பிறகு சென்னை வந்தார், சினிமாவுக்கு வசனம் எழுதினார். இந்தியன், முதல்வன், அந்நியன் எல்லாம் உங்களுக்கே தெரியும். இணையத்தில் அம்பலம் என்ற மின்னிதழையும் நடத்தினார். நாம இப்போ இ-மேகசின் நடத்துறோம்னு பெருமைப்பட்டுக்கிறோமே, அறுபது வயசுக்கு மேல ஒருத்தர் அதைச் செஞ்சு முடிச்சுட்டுப் போயிட்டார்.

ஐ.வி. போனப்போ வெல்ட் ஷாப்ல மஞ்சள் வேலிக்குப் பின்னாடி ரோபோ கைகள் தீப்பொறி பறக்க வேலை செய்யறதைப் பார்த்தோம். ஜீனோ மாதிரி எதுவும் பேசல. வேலிக்கு வெளியில மாட்டின ஐ.டி. கார்டோட, ஒரே கலர் யூனிஃபார்ம்ல, நம்ம வயசுப் பசங்களும் பொண்ணுங்களும் நின்னுக்கிட்டு இருந்தாங்க. கேட்ல கேமரா, ஃபோனை வாங்கி வச்சுக்கிட்டாங்க, கைரேகை வச்சாத்தான் கதவு திறக்குது. இதைப் பார்த்துட்டு ஜீவா ராஜ்யம்னு கத்தினா அது ஓவர். அங்க வர்ற சம்பளத்துலதான் எத்தனையோ வீட்ல அடுப்பு எரியுது, எங்க வீடும் அதுல ஒண்ணு. ஆனா அந்த லைன்ல நிக்கிற ஒருத்தர்கிட்ட மிஷினைப் பத்தி என்ன நினைக்கிறீங்கன்னு யாரும் கேட்டதாத் தெரியல. இந்த ஏரியாவுல இருந்து ஒரு கதை வரணும்னா அது அமெரிக்காவுல இருந்து வராது. ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம்னு பஸ்ல தூங்கி வழியிற யாராவது ஒருத்தர்தான் எழுதணும்.

கடைசியா அவர் கைவைத்த பெரிய வேலை எந்திரன். வசனம் எழுதிக்கொண்டிருக்கும்போதே போய்விட்டார், வயது 72. படம் 2010 அக்டோபரில் வந்தது. வசனத்தில் ஷங்கர், சுஜாதா ஆகியோருடன் மூன்றாவதாக ஒரு பெயர் இருக்கும், மதன் கார்க்கி. அப்போது அவர் கிண்டி இன்ஜினியரிங் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தார்.

நம்ம லைப்ரரியில் தமிழ் அலமாரியில் என் இனிய இயந்திரா ஒரே ஒரு காப்பிதான் இருக்கு, மீண்டும் ஜீனோ இல்ல. நான் திங்கட்கிழமை ரிட்டர்ன் பண்றேன்.