ஆயுதமின்றிக் காட்டுக்குள் சென்றவர்

நம் சேலையூரை அடுத்த கிறித்தவக் கல்லூரியின் காட்டில் புள்ளிமான்கள் மேய்வதை நம்மில் பலர் கண்டு களித்திருக்கிறோம். வண்டலூர்ப் பூங்காவுக்கோ வகுப்பு வகுப்பாகச் சென்று வந்திருக்கிறோம். கூண்டுக்கு முன் நின்று ஆரவாரம் செய்யும் நாம், வேலியும் மதிலும் இல்லாத பெருங்காட்டில் திரியும் விலங்குகளுக்கு யார் காவல் என்று எண்ணிப் பார்த்ததுண்டா? அப்படிக் காவல் நின்று, 37-ஆம் வயதில் உயிர்நீத்த வன அதிகாரி பி. ஸ்ரீநிவாஸ் அவர்களின் வரலாற்றை இம்மலரில் கூற விழைகிறோம்.

ஆந்திர மாநிலம் ராஜமுந்திரியில் 1954 செப்டம்பர் 12-ஆம் நாள் பிறந்தவர் அவர். ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் உயிரியல் பயின்று, 1979-இல் இந்திய வனப்பணியில் சேர்ந்தார். கருநாடக மாநிலத்தில் பணி அமைந்தது. சாமராஜநகர்க் காடுகள் அவர் பொறுப்பில் வந்தன.

ஒகேனக்கல் அருவிக்குச் சுற்றுலா சென்றவர்கள், காவிரியின் அக்கரையில் மலைமேல் மலையாக அடுக்கியிருக்கும் காட்டைப் பார்த்திருப்பார்கள். அக்காட்டின் நடுவே கோபிநத்தம் என்றொரு சிற்றூர் உண்டு. கருநாடக எல்லைக்குள் இருந்தாலும் ஊரார் பேசுவது தமிழே. சந்தனக் கடத்தல்காரன் வீரப்பன் பிறந்த ஊர் அது. சந்தன மரத்தைக் கையாளுமுன் அவன் கை வைத்தது யானைத் தந்தத்தில். நம் நாட்டு யானைகளில் தந்தம் வளர்வது ஆண் யானைக்கு மட்டுமே. எனவே வேட்டைக்காரர்கள் ஆண்களையே தேடித்தேடிச் சுட்டனர். இதன் விளைவாகக் கேரளத்துப் பெரியாற்றுக் காட்டில், 1980-களின் இறுதியில், நூற்றுக்கும் மேற்பட்ட பெண் யானைகளுக்கு வளர்ந்த ஆண் யானை ஒன்று என்ற அவலநிலை ஏற்பட்டது. தந்த வாணிகத்தை 1986-இல் சட்டம் தடுத்தும் துப்பாக்கிகள் ஓயவில்லை.

அதே 1986-இல் வீரப்பன் பிடிபட்டான். ஆனால் வனத்துறையின் காவலிலிருந்து தப்பியும் போனான். அவனைப் பிடிப்பதையே ஸ்ரீநிவாஸ் தம் பொறுப்பாக ஏற்றார். 1990-இல் கருநாடக அரசு அமைத்த சிறப்பு அதிரடிப் படையிலும் அவர் இடம்பெற்றார். மற்றவர்கள் காட்டில் தேடினார்கள். அவரோ கோபிநத்தத்திலேயே போய்த் தங்கினார்! வேட்டைக்குத் துணைபோனவர்கள் யார் என்று பார்த்தால், வேறு பிழைப்பு இல்லாத ஏழைகளே. கொடுப்பவன் வீரப்பன் ஒருவனே என்றிருக்கும் ஊரில் அவனைக் காட்டிக்கொடுப்பார் யார்? இதை அவர் உணர்ந்தார். குடிநீருக்கு வழி செய்தார். நோயாளிகளைத் தேடி மருத்துவ வண்டி வந்தது. ஏழைக் குடும்பங்களுக்கு வீடுகள் எழும்பின. ஊரார் விரும்பிய மாரியம்மன் கோயிலும் அவர் முயற்சியால் எழுந்தது. காக்கிச் சட்டையைக் கண்டால் கதவடைத்த ஊர், மெல்ல மெல்ல அவரிடம் பேசத் தொடங்கிற்று. கூட்டத்தைச் சேர்ந்த சிலர் சரணடைந்தனர்.

இறுதியில் வீரப்பனே சரணடைய விரும்புவதாகச் செய்தி வந்தது. கொண்டுவந்தவன் அவன் தம்பி அர்ச்சுனன். ஆயுதமின்றி வரவேண்டும் என்பது நிபந்தனை. 1991 நவம்பர் 10-ஆம் நாள், ஸ்ரீநிவாஸ் வெறுங்கையோடு காட்டுக்குள் நடந்தார். அங்கே மறைந்திருந்தவர்கள் அவரைச் சுட்டு, தலையையும் கொய்தனர். இளஞ்சிறுமியரும் படிக்கும் ஏடு இது; அதற்கு மேல் எழுத எமக்கு மனம் வரவில்லை.

நம்பியது பேதைமை என்பார் உண்டு. நாம் அப்படிக் கருதவில்லை. அவருக்குப்பின் நடந்ததைப் பாருங்கள். 1993-இல் பாலாற்றுக்கு அருகே கண்ணிவெடியில் 22 பேர் மாண்டனர். தேடுதல் வேட்டையில் கிராமத்து மக்கள் இருபுறமும் நசுங்கினர். அதிரடிப் படைகளால் துன்புற்ற 89 பேருக்கு நிவாரணம் வழங்கும்படி 2007-இல் தேசிய மனித உரிமை ஆணையம் கூறவேண்டியதாயிற்று. வீரப்பன் சுடப்பட்டு இறந்தது 2004 அக்டோபர் 18-இல். ஸ்ரீநிவாஸ் திறந்த வழி மூடியபின் கழிந்தவை பதின்மூன்று ஆண்டுகள்!

அவருக்கு 1992-இல் கீர்த்தி சக்கர விருது வழங்கப்பட்டது. ஆனால் விருதும் பதவியும் இல்லாத காவலர்கள் எத்தனை பேர்! முதுமலையிலும் ஆனைமலையிலும் வேட்டைத் தடுப்புக் காவலராய் இரவில் காட்டு முகாமில் தங்குபவர்களில் பலர் பழங்குடியினர். காட்டின் தடமும் வாடையும் அவர்களுக்குத்தான் தெரியும். அவர்களுள் பலர் நெடுங்காலம் தற்காலிகப் பணியாளராகவே காலம் தள்ளியவர்கள். நல்ல காலணி, மழைக்கோட்டு, மருந்துப்பெட்டி, மாதம் தவறாத சம்பளம் இவையே அவர்கள் கேட்பவை. பெரிய கோரிக்கைகள் அல்ல.

காடு காக்க உயிர் ஈந்தோரை நினைவுகூரும் தேசிய நாள் செப்டம்பர் 11. ஸ்ரீநிவாஸ் பிறந்த நாள் அதற்கு மறுநாள். கோபிநத்தத்து மக்களோ நாள் பார்ப்பதில்லை. அவர் எழுப்பிய மாரியம்மன் கோயிலில் அவருடைய படத்தை வைத்து, அம்மனுக்கு விளக்கேற்றும்போது அவரையும் வணங்கி வருகிறார்கள்.