கரை தேடிய கப்பல் தலைவர்

புகழ் பெற்ற மாலுமிகள் யாவர் என்று வகுப்பில் வினவினால் கொலம்பஸ், வாஸ்கோ ட காமா, மெகல்லன் என்று நாம் எல்லோரும் ஒரே குரலில் விடை சொல்லிவிடுவோம். அவர்கள் புதிய வழி கண்டவர்கள்; புதிய நிலம் கண்டவர்கள். புதிய நிலம் எதையும் காணாத மாலுமி ஒருவரின் வாழ்க்கையை நாம் இங்கே காண்போம். உலகப் படத்தில் ஏற்கெனவே இருக்கும் கரைகளுள் ஏதேனும் ஒன்று தம் பயணிகளை ஏற்காதா என்று ஏங்கியபடி கப்பல் செலுத்தியவர் அவர். ஐந்து வாரங்கள் நீடித்த அந்த ஒரே பயணத்தினால் அவர் பெயர் வரலாற்றில் நிலைத்தது. குஸ்டாவ் ஷ்ரோடர் என்பது அவர் பெயர்.

1885 ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 27 ஆம் நாள் ஹாடர்ஸ்லெபன் என்னும் ஊரில் அவர் பிறந்தார். அவ்வூர் அந்நாளில் ஜெர்மனியில் இருந்தது. முதல் உலகப் போருக்குப் பின் டென்மார்க்கைச் சேர்ந்தது. பதினாறாம் வயதிலேயே, 1902 இல், பாய்மரப் பயிற்சிக் கப்பல் ஒன்றில் சேர்ந்து கடல் தொழிலைக் கற்கத் தொடங்கினார். பின்னர் ஹாம்பர்க்-அமெரிக்கா கப்பல் நிறுவனத்தின் டாய்ச்லாந்து என்ற பெரிய கப்பலில் பணியாற்றினார். ஒரு காலத்தில் அட்லாண்டிக் கடலை மிக விரைவாகக் கடந்து பெயர் பெற்ற கப்பல் அது.

நம் நாட்டோடும் அவருக்கு ஒரு தொடர்பு உண்டு. 1913 இல் அவர் கல்கத்தாவில் பணியில் அமர்த்தப்பட்டார். மறு ஆண்டு போர் மூண்டதும் பகைநாட்டவர் என்ற காரணத்தால் ஆங்கில அரசு அவரைக் காவலில் வைத்தது. குற்றம் ஏதும் செய்யாமலே, பிறந்த நாட்டின் பெயரால் அடைபட்டுக் கிடக்கும் துன்பத்தைப் போர் முடியும் வரையில் அவர் அனுபவித்தார். அந்த ஆண்டுகளை வீணாக்காமல் பல மொழிகளைப் பயின்றார். 1919 இல் தாயகம் திரும்பியபோது வேலை கிடைக்கவில்லை. தோற்ற நாடான ஜெர்மனி தன் பெரிய கப்பல்களையெல்லாம் வென்ற நாடுகளிடம் ஒப்படைக்க வேண்டியிருந்தது. கப்பல் இல்லாத நாட்டில் மாலுமிக்கு ஏது வேலை? 1921 இல்தான் மீண்டும் பணியில் சேர்ந்தார். படிப்படியாகவே உயர்ந்தார், கப்பல் தலைவர் ஆனபோது ஐம்பது வயதை எட்டியிருந்தார்.

இரண்டு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட அக்காலத்தில் விமானப் பயணம் இன்றுபோல் பரவவில்லை. ஐரோப்பாவிலிருந்து அமெரிக்கா செல்பவர் கப்பலில்தான் செல்ல வேண்டும். ஹாம்பர்க், பிரெமன் துறைமுகங்களிலிருந்து நியூயார்க்கை நோக்கிப் பெருங்கப்பல்கள் புறப்பட்டவண்ணம் இருந்தன. அவை மிதக்கும் நகரங்கள் எனலாம். உணவுக்கூடம், நடன மண்டபம், மருத்துவ அறை என எல்லாம் அவற்றில் உண்டு. அத்தகைய கப்பல்களுள் ஒன்றான செயின்ட் லூயிஸ் 1929 இல் தன் முதற்பயணத்தைத் தொடங்கியது. அதன் நீளம் 574 அடி. கொள்ளளவு ஏறத்தாழ 16,700 டன். நீராவியால் அன்றி டீசல் இயந்திரங்களால் அது ஓடியது.

அத்தகைய கப்பலில் தலைவர் சொல்லே சட்டம். மாலுமி முதல் சமையற்காரர் வரை எல்லோரும் அவர் ஆணைக்கு உட்பட்டவர்கள். ஆனால் துறைமுகத்தை அடைந்ததும் அந்த அதிகாரம் முடிந்துவிடும். ஒரு சிறு குழந்தையைக்கூட அந்நாட்டு அரசின் இசைவின்றி அவரால் கரையில் இறக்க முடியாது. இதை நாம் மனத்தில் இருத்திக்கொண்டால்தான் ஷ்ரோடர் சந்தித்த சோதனை நமக்கு விளங்கும்.

1933 இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தது முதல் ஜெர்மனியில் வாழ்ந்த யூத மக்களின் நிலை நாளுக்கு நாள் கெட்டது. அவர்கள் வேலையை இழந்தனர், குடியுரிமையை இழந்தனர், அவர்தம் பிள்ளைகள் பள்ளிகளிலிருந்து விலக்கப்பட்டனர். 1938 நவம்பரில் ஓர் இரவில் நாடெங்கும் அவர்தம் தொழுகைக்கூடங்கள் எரிக்கப்பட்டன, கடைகள் நொறுக்கப்பட்டன, ஆயிரக்கணக்கான ஆடவர் முகாம்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். எப்படியாவது நாட்டை விட்டு வெளியேறிவிட வேண்டும் என்று மக்கள் துடித்தனர். ஆனால் 1924 ஆம் ஆண்டின் சட்டப்படி அமெரிக்கா ஒவ்வொரு நாட்டினருக்கும் ஓர் அளவை விதித்திருந்தது. ஜெர்மனி, ஆஸ்திரியா இரண்டிற்கும் சேர்த்து ஆண்டுக்கு 27,370 பேர் என்பதே அந்த அளவு. முறை வரும் வரை எங்கே காத்திருப்பது? அருகிலுள்ள கியூபாத் தீவில் தங்கலாம் என்று பலர் எண்ணினர். அதற்கான இறங்கு சீட்டுகளைப் பெரும்பொருள் கொடுத்து வாங்கினர்.

1939 மே 13 ஆம் நாள் செயின்ட் லூயிஸ் ஹாம்பர்க்கிலிருந்து ஹவானாவுக்குப் புறப்பட்டது. வழியில் பிரான்சின் ஷெர்பூர் துறைமுகத்தில் ஏறியவர்களையும் சேர்த்துப் பயணிகள் 937 பேர். மிகச் சிலரைத் தவிர அனைவரும் யூத அகதிகள். வீடு, நகை, சேமிப்பு எல்லாவற்றையும் விட்டு வந்த அவர்கள், ஆளுக்குப் பத்து மார்க் பணம் மட்டுமே கையில் கொண்டுபோக அரசு அனுமதித்தது. தாயின் கையைப் பற்றிய சிறுமியரும், முதல் நாள் வரை முகாமில் கிடந்த தந்தையரும் அக்கப்பலில் இருந்தனர்.

கப்பலின் உச்சியில் பறந்ததோ ஹிட்லரின் கொடி. பணியாளருள் அக்கட்சியைச் சேர்ந்தவர்களும் இருந்தனர். ஆயினும் ஷ்ரோடர் தம் ஆட்களைக் கூட்டித் தெளிவாக ஆணையிட்டார். கட்டணம் செலுத்திய மற்றப் பயணிகளுக்குக் காட்டும் மரியாதையை இவர்களுக்கும் காட்ட வேண்டும் என்பதே அந்த ஆணை. வெள்ளிக்கிழமை மாலைகளில் அவர்கள் தம் சமய முறைப்படி வழிபட உணவுக்கூடத்தைத் திறந்துவிட்டார். அந்நேரத்தில் அங்கிருந்த ஹிட்லரின் படத்தை அகற்றவும் அனுமதித்தார். தெருவில் இழிசொல் கேட்டு நடந்தவர்களுக்கு மேசை விரிப்பின்மேல் உணவு பரிமாறப்பட்டது. குழந்தைகள் மேல்தளத்தில் ஓடி விளையாடினர். நெடுநாள் கழித்து அவர்கள் மனிதர்களாக நடத்தப்பட்டனர்.

மே 27 அன்று விடியும் முன் கப்பல் ஹவானாவை அடைந்தது. பயணிகள் பெட்டிகளைக் கட்டிக்கொண்டு காத்திருந்தனர். யாரும் இறங்கக் கூடாது என்று ஆணை வந்தது. கப்பல் புறப்படுவதற்கு எட்டு நாட்கள் முன்னரே கியூப அரசு அந்த இறங்கு சீட்டுகள் செல்லாது என்று சட்டம் செய்திருந்தது. செல்லத்தக்க ஆவணங்கள் வைத்திருந்த 28 பேர் மட்டுமே இறங்கினர். முன்னரே கியூபா வந்து சேர்ந்த தந்தையர் சிலர் சிறு படகுகளில் கப்பலைச் சுற்றி வந்தனர். மேல்தளத்தில் நின்ற மனைவி மக்களைப் பார்க்க முடிந்தது, கூவி அழைக்க முடிந்தது, தொட முடியவில்லை. மனமுடைந்த பயணி ஒருவர் கடலில் குதித்தார். மாலுமி ஒருவர் உடனே பின்தொடர்ந்து குதித்து அவரைக் காப்பாற்றினார். அவர் ஹவானா மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அன்று முதல் பயணிகளைக் கொண்டே இரவுக் காவல் குழு ஒன்றை ஷ்ரோடர் ஏற்படுத்தினார். பயணிகளின் குழு ஒன்றையும் அமைத்து, கிடைத்த செய்தி எதுவாயினும் அவர்களோடு கலந்து பேசினார்.

பயணிகளுக்காக ஜாயின்ட் என்ற அமெரிக்க யூத நிவாரணச் சங்கம் கியூப அரசுடன் பேசியது. ஆளுக்கு 500 டாலர் பிணைத்தொகை கேட்டது அரசு. பேச்சு முறிந்தது. ஜூன் 2 ஆம் நாள் கப்பல் துறைமுகத்தை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று.

ஷ்ரோடர் உடனே தாயகம் நோக்கித் திரும்பவில்லை. அமெரிக்காவின் புளோரிடாக் கரையோரமாகக் கப்பலை மெல்லச் செலுத்தினார். இரவில் மயாமி நகரின் விளக்குகள் பயணிகளின் கண்ணுக்குத் தெரிந்தன. அதிபர் ரூஸ்வெல்ட்டுக்குப் பயணிகள் தந்தி அனுப்பினர், விடை வரவில்லை. கனடாவில் நல்லோர் சிலர் தம் அரசை வேண்டினர், அதுவும் இணங்கவில்லை. இவ்வளவு பரந்த இரு நாடுகளில் 907 பேருக்கு இடமில்லாமல் போயிற்று என்பதை இன்று நினைத்தாலும் நம் நெஞ்சம் கனக்கிறது.

ஜெர்மனிக்குத் திரும்புமாறு நிறுவனத்திடமிருந்து ஆணை வந்தது. அங்கே தம் பயணிகளுக்கு என்ன காத்திருக்கிறது என்பதை ஷ்ரோடர் அறிவார். நம்பிக்கை இழந்த இளைஞர் சிலர் கப்பலின் கட்டுப்பாட்டு அறைக்குள் நுழைந்தனர். கடற்சட்டப்படி அது பெருங்குற்றம். அவரோ பொறுமையாகப் பேசி அவர்களை அமைதிப்படுத்தினார், வழக்கும் தொடரவில்லை. வேறு வழியே இல்லையானால் இங்கிலாந்தின் கரையோரத்தில் கப்பலைத் தரைதட்டச் செய்து, தீ மூட்டி, பயணிகளை அந்நாடு மீட்டே ஆக வேண்டிய நிலையை உண்டாக்குவது என்று தம் அதிகாரி ஒருவருடன் திட்டமிட்டார். தாம் நேசித்த கப்பலையும், தம் பதவியையும், ஒருவேளை தம் உயிரையுமே இழக்க அவர் துணிந்திருந்தார் என்பதை நாம் இதனால் அறிகிறோம்.

நல்வாய்ப்பாக அதற்குத் தேவை எழவில்லை. ஜாயின்ட் சங்கம் பயணிகளின் பராமரிப்புக்குப் பொறுப்பேற்றதால் நான்கு நாடுகள் முன்வந்தன. பிரிட்டன் 288 பேரையும், பிரான்ஸ் 224 பேரையும், பெல்ஜியம் 214 பேரையும், ஹாலந்து 181 பேரையும் ஏற்றன. ஜூன் 17 அன்று பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் துறைமுகத்தில் கப்பல் நின்றது. பயணிகள் ஒருவர்கூட ஜெர்மனிக்குத் திருப்பி அனுப்பப்படவில்லை.

கதை இங்கே முடிந்திருந்தால் நாம் மகிழ்ந்திருப்போம். ஆனால் உண்மையை முழுவதும் சொல்லத்தான் வேண்டும். மறு ஆண்டு மே மாதம் ஹிட்லரின் படைகள் ஹாலந்து, பெல்ஜியம், பிரான்ஸ் மூன்றையும் தாக்கின. பாதுகாப்பென்று நம்பி இறங்கிய இடமே பொறியாயிற்று. பயணிகளுள் 254 பேர் யூதப் படுகொலையில் உயிரிழந்தனர் என்று பின்னாளில் ஆராய்ந்தோர் கண்டறிந்தனர். பிரிட்டனில் இறங்கியவர்களோ ஒருவர் நீங்கலாக அனைவரும் போரைக் கடந்து வாழ்ந்தனர். இறங்கிய கரையைப் பொறுத்தே உயிர் அமைந்தது.

போர் தொடங்கியபோது ஷ்ரோடர் அட்லாண்டிக் கடலில் இருந்தார். ஆங்கிலக் கப்பல்களின் கண்ணில் படாமல் ரஷ்யாவின் மூர்மன்ஸ்க் துறைமுகத்தை அடைந்து, 1940 புத்தாண்டு நாளில் ஹாம்பர்க் வந்து சேர்ந்தார். அதன்பின் அவருக்கு அலுவலக வேலையே தரப்பட்டது. கடல் வாழ்க்கை அத்துடன் முடிந்தது. செயின்ட் லூயிஸ் கப்பலும் 1944 இல் குண்டுவீச்சில் சேதமுற்று, 1952 இல் உடைக்கப்பட்டது.

போருக்குப் பின் அவர் வறுமையில் வாடினார். நாஜி ஆட்சியில் பணிபுரிந்தோரை விசாரித்த மன்றத்தின் முன் அவரும் நிற்க நேர்ந்தது. அப்போது பழைய பயணிகள் சிலர் அவருக்காகச் சாட்சி கூறினர், அவர் விடுவிக்கப்பட்டார். தம் பயண அனுபவத்தை 1949 இல் நூலாக வெளியிட்டார். 1957 இல் மேற்கு ஜெர்மன் அரசு அவருக்கு விருது வழங்கியது. 1959 ஜனவரி 10 அன்று ஹாம்பர்க்கில் மறைந்தார்.

1993 இல் ஜெருசலேமிலுள்ள யாத் வாஷெம் நினைவகம், யூதரைக் காத்த பிற இனத்து நல்லோர் வரிசையில் அவர் பெயரைச் சேர்த்தது. 2018 நவம்பரில் கனடாவின் பிரதமர், தம் நாடு அக்கப்பலை ஏற்க மறுத்ததற்காக நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கோரினார். எழுபத்தொன்பது ஆண்டுகள் கழித்து வந்த மன்னிப்பு அது.

ஷ்ரோடர் நாடாளும் தலைவர் அல்லர். சட்டத்தை மாற்றவோ ஒரு துறைமுகத்தைத் திறக்கவோ அவரிடம் அதிகாரம் இல்லை. உணவுக்கூடத்தில் யாருக்கு எப்படிப் பரிமாறுவது, சுவரில் எந்தப் படம் தொங்குவது, கப்பலை எவ்வளவு மெதுவாகச் செலுத்துவது என்பவையே அவர் கையில் இருந்தன. அவற்றைக் கொண்டு செய்யத்தக்கதை அவர் முழுவதும் செய்தார். எல்லோரையும் காக்க அவரால் இயலவில்லை. ஆயினும் அந்த ஐந்து வாரங்கள் பயணிகள் மரியாதையோடு வாழ்ந்தனர். அவர்களில் பெரும்பாலோர் போருக்குப் பின்னும் வாழ்ந்தனர்.

நம் பள்ளிக்கு இவ்வாண்டு புதிதாக வந்து சேர்ந்த மாணவி, உணவு வேளையில் தனியே அமர்ந்திருக்கலாம். வேறு ஊர், வேறு மொழி என்பதால் அவள் அருகில் யாரும் அமராமல் இருக்கலாம். அவளுக்கு ஓர் இடம் ஒதுக்கித் தர நமக்குப் பெரிய அதிகாரம் எதுவும் வேண்டுவதில்லை. நம் பலகையில் சற்று நகர்ந்து அமர்ந்தால் போதும். ஷ்ரோடரின் வாழ்வைப் படித்த நாம் அதையேனும் நாளை செய்வோம்.