நுரை சொன்ன செய்தி

கோலாலம்பூர், பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் பொழுது புலரும் முன்பே உணவகங்களின் அடுப்புகள் எரியத் தொடங்கிவிடும். முந்திய நாள் மாலை அரைத்து வைத்த இட்லி மாவு, அண்டாவின் விளிம்புவரை பொங்கி நிற்கும். மூடியைத் திறந்தால் இளம்புளிப்பு மணம் வீசும். கரண்டியை விட்டால் சிறு குமிழ்கள் உடையும். மாவு பதமாகிவிட்டது என்பதற்கு இவையே அடையாளங்கள். சமைப்போர் இவற்றைத் தலைமுறை தலைமுறையாக அறிந்திருந்தனர். ஆனால், மாவைப் பொங்கச் செய்வது எது என்பதை உலகம் அறிந்து இன்னும் 200 ஆண்டுகள்கூட ஆகவில்லை. அந்த உண்மையை ஐயமற நிறுவியவர் லூயி பாஸ்டர்.

பாஸ்டர் 1822ஆம் ஆண்டு டிசம்பர் 27ஆம் நாள், பிரான்சு நாட்டின் டோல் நகரில் பிறந்தார். அவருடைய தந்தை தோல் பதனிடும் தொழில் செய்தவர். பள்ளிப் பருவத்தில் பாஸ்டர் படிப்பில் நடுத்தர மாணவராகவே இருந்தார். ஆனால், ஓவியம் வரைவதில் வல்லவர். எதனையும் உற்று நோக்கும் அந்தப் பழக்கம் பிற்காலத்தில் அவருக்குப் பெருந்துணையாயிற்று. பாரிஸ் நகரில் வேதியியல் கற்ற அவர், 1854இல் லீல் நகரப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார்.

1856ஆம் ஆண்டு, தம் மாணவர் ஒருவரின் தந்தையிடமிருந்து அவருக்கு ஓர் உதவி வேண்டுகோள் வந்தது. அவர் பீட்ரூட் சாற்றிலிருந்து சாராயம் எடுக்கும் ஆலையை நடத்தி வந்தார். அங்குச் சில தொட்டிகளில் சாறு புளித்துக் கெட்டுப்போனது. இழப்பு பெருகியது, காரணம் எவருக்கும் விளங்கவில்லை.

பாஸ்டர் நாள்தோறும் ஆலைக்குச் சென்றார். சாற்றில் நொதித்தல் தொடங்கும்போது முதலில் ஓரங்களில் நுண்குமிழ்கள் தோன்றும். பின்னர் வெண்ணுரை பரவும். சாறு சற்றே வெதுவெதுப்பாகும். தொழிலாளர்கள் இவற்றைக் கண்டு மகிழ்வார்கள். ஆயினும், எந்தத் தொட்டி நன்றாக நொதிக்கும், எது கெடும் என்பதை வெறுங்கண்ணால் முன்கூட்டியே சொல்ல முடியவில்லை. பாஸ்டர் ஒவ்வொரு தொட்டியிலிருந்தும் ஒரு துளியை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தார். நல்ல தொட்டியில் உருண்டை வடிவ ஈஸ்ட் உயிரணுக்கள் மொட்டுவிட்டுப் பெருகிக்கொண்டிருந்தன. கெட்ட தொட்டியிலோ அவற்றினும் மிகச் சிறிய, குச்சி போன்ற உயிர்கள் நிறைந்திருந்தன.

நொதித்தல் என்பது உயிரற்ற வேதியியல் மாற்றமே என்று அக்காலத்துப் பேரறிஞர்கள் சிலர் உறுதியாக நம்பினர். அஃது உயிர்களின் செயல் என்று பாஸ்டர் நிறுவினார். ஈஸ்ட் சர்க்கரையைச் சாராயமாகவும் கரிவளியாகவும் மாற்றுகிறது. அந்தக் கரிவளியே குமிழாகவும் நுரையாகவும் மேலெழுகிறது. குச்சி வடிவ உயிர்களோ சர்க்கரையைப் புளிப்பு அமிலமாக மாற்றுகின்றன. 1860களில், திராட்சை மதுவை ஏறத்தாழ 50 முதல் 60 பாகை செல்சியஸ் வரை சூடாக்கினால் அதனைக் கெடுக்கும் உயிர்கள் அழியும் என்பதையும் அவர் கண்டறிந்தார்.

இந்த வெற்றிகளுக்கு இடையே அவருடைய இல்லத்தில் துயரம் சூழ்ந்தது. அவருடைய ஐந்து பிள்ளைகளுள் மூவர் சிறு வயதிலேயே இறந்தனர். அவர்களுள் இருவரின் உயிரைப் பறித்தது குடற்காய்ச்சல். 1868இல் பக்கவாதம் தாக்கி, அவருடைய இடப்பக்கம் செயலிழந்தது. எனினும், அவர் ஆய்வைக் கைவிடவில்லை. 1871இல் இலண்டனிலுள்ள பெரிய பீர் ஆலை ஒன்றுக்குச் சென்றார். அங்குள்ள ஈஸ்டை நுண்ணோக்கியில் பார்த்து, அதில் கலந்திருந்த வேற்றுயிர்களைச் சுட்டிக்காட்டினார். ஒரு வாரத்திற்குள் அந்த ஆலையினர் தங்களுக்கென ஒரு நுண்ணோக்கியை வாங்கிவிட்டனர்.

சாற்றைக் கெடுக்கும் நுண்ணுயிர்கள் இருப்பின், உடலைக் கெடுக்கும் நுண்ணுயிர்களும் இருக்க வேண்டும் என்ற சிந்தனை அவரை நோய் ஆராய்ச்சிக்கு இட்டுச் சென்றது. 1885ஆம் ஆண்டு ஜூலை 6ஆம் நாள், வெறிநாய் கடித்த ஜோசப் மெய்ஸ்டர் என்னும் ஒன்பது வயதுச் சிறுவனுக்குத் தடுப்பூசி போடப்பட்டது. சிறுவன் உயிர் பிழைத்தான். 1895ஆம் ஆண்டு செப்டம்பர் 28ஆம் நாள் பாஸ்டர் மறைந்தார்.

இன்று கிள்ளானிலும் கோலாலம்பூரிலும் விற்கப்படும் பாலில் ஒரு பகுதி, அவருடைய பெயரால் வழங்கும் முறையில் சூடாக்கப்பட்டே கடைக்கு வருகிறது. லீல் நகரில் சாற்றைக் கெடுத்த புளிப்பு உயிர்களின் உறவினங்களே பிரிக்பீல்ட்ஸ் அண்டாவில் இட்லி மாவைப் பொங்க வைக்கின்றன. ஓரிடத்தில் இழப்பைத் தந்தது, இன்னோரிடத்தில் காலை உணவைத் தருகிறது. இரண்டிற்கும் தொடக்க அடையாளம் ஒரு சிறு குமிழே. அந்தக் குமிழுக்குள் என்ன இருக்கிறது என்று பொறுமையுடன் உற்று நோக்கியதே பாஸ்டரின் பெருமை.