விக்டர் பார்னா

மேசைப்பந்தாட்டத்தில் வல்லவர் பலர். அதனை ஒரு கலையாக உயர்த்தியவர் சிலர். அச்சிலருள் தலையாயவர் விக்டர் பார்னா. தாம்பரத்து விடுதிகளில் மாலைப்பொழுதில் மட்டையேந்தும் நாம் அவர் வரலாற்றை அறிதல் நலம்.

ஹங்கேரி நாட்டின் தலைநகராகிய புடாபெஸ்டில் 1911-ஆம் ஆண்டு யூதக் குடியொன்றில் அவர் பிறந்தார். பிரௌன் என்பது குடிப்பெயர். அந்நாட்டில் யூதர்பால் வெறுப்பு மிகுந்திருந்தமையால் அப்பெயரை அவர் துறக்க நேர்ந்தது. 1930-இலும், பின்னர் 1932 முதல் 1935 வரை ஆண்டுதோறும் உலகத் தனியர் பட்டம் அவருடையதாயிற்று. இரட்டையர், அணிப் பட்டங்களையும் கூட்டினால் அவர் வென்றவை 22.

அக்காலத்து மட்டையில் புள்ளி புள்ளியாய் எழுந்த ரப்பர் மட்டுமே இருந்தது. இன்றைய ஸ்பாஞ்சு மட்டையைப்போல் அது பந்தைப் பற்றிச் சுழற்றாது. ஆதலின் சுழற்சி பெரிதும் ஆடுவோர் கையிலிருந்தே பிறத்தல் வேண்டும். பந்தின் அடிப்புறத்தை வருடினால் அது பின்சுழன்று எதிரியின் மட்டையில் பட்டு வலையை நோக்கித் தாழும். மேற்புறத்தை வருடினால் முன்சுழன்று விரைந்து இறங்கும். முன்கையையும் மணிக்கட்டையும் ஒருசேரச் சொடுக்கிப் புறங்கையால் பார்னா அடித்த அடி அவர் பெயராலேயே வழங்கலாயிற்று.

1935-இல் பிரான்சில் நேர்ந்த மோட்டார் விபத்தில் அவ்வலக்கையே முறிந்தது. எலும்பைப் பிணைக்க உலோகத் தகடு பொருத்தினர். தனியர் பட்டம் மீண்டும் அவரை அடையவில்லை. எனினும் அவர் மட்டையைக் கீழே வைத்தாரல்லர். 1939-இல் கெய்ரோவில் பெர்க்மனோடு கூடி இரட்டையர் பட்டம் வென்றார். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் படையில் பாராசூட் வீரராய்த் தொண்டாற்றினார். 1972-இல் பெரு நாட்டு லீமா நகரில் உயிர் நீத்தார். நம் நாட்டுத் தேசியப் போட்டியில் ஆடவர் அணிக்குரிய கோப்பைக்கு அவர் பெயரும் தோழர் பெல்லாக் பெயரும் சூட்டப்பெற்றன.

அவர் காலத்திலேயே சர்வீஸ் முறையிலும் ஒரு மாறுதல் நேர்ந்தது. 1937-இல் பாடன் நகரில் நடந்த உலகப் போட்டியில் அமெரிக்கர் விரல்களால் பந்தை முறுக்கிச் சர்வீஸ் செய்து எதிரிகளைத் திகைக்கவைத்தனர். பின்னர் அம்முறை விலக்கப்பட்டது. இன்று, விரித்த உள்ளங்கையினின்று பந்தை 16 சென்டிமீட்டருக்குக் குறையாமல் மேலே எறிந்து, அது இறங்கும்போதே அடித்தல் வேண்டும். விரலின் தந்திரத்துக்கு அங்கே இடமில்லை. மட்டை பிடித்த கையின் பயிற்சியே துணை.

நாமோ ஓங்கி அடிப்பதில் மாலையெல்லாம் கழித்துச் சர்வீஸை மறந்துவிடுகிறோம். எதிரி இன்றியே தனித்து நின்று பயிலத்தக்க கலை அஃதொன்றே. முறிந்த கையோடும் ஒருவர் தம் கலையைக் காத்தாரெனின், முழுக்கை பெற்ற நாம் சோம்பியிருத்தல் தகுமோ?