ஒரே காடு, நாற்பது வருஷம்

ஹேங்கர்னு சொன்னா நமக்கு ரெண்டு விஷயம் ஞாபகம் வரும். ஒண்ணு சட்டை மாட்டுறது. இன்னொண்ணு ஏரோ டிபார்ட்மென்ட் பசங்க சொல்ற விமானக் கொட்டகை. மூணாவதா ஒண்ணு இருக்கு. இங்கிலாந்தில் செங்குத்தான மலைச்சரிவைப் பிடித்துத் தொங்குவது போல் நிற்கும் காட்டுக்கும் ஹேங்கர்னுதான் பேர். ஹாம்ப்ஷயரில் செல்போர்ன் என்ற சின்ன கிராமத்துக்குப் பின்னால் அப்படி ஒரு காடு இருக்கு. சாக்பீஸ் மாதிரி வெள்ளைச் சுண்ணாம்பு மண் மலை, ஊரிலிருந்து சுமார் 300 அடி உயரம், அதன் சரிவு முழுக்க பீச் மரங்கள். ஊசி இலை பைன் கிடையாது. அகலமான இலை, வழவழப்பான சாம்பல் நிறப் பட்டை, குளிர்காலம் வந்தா மொத்தமா மொட்டையாகிவிடும் அந்த மண்ணோட சொந்த மரம்.

அந்த ஒரு காட்டையும் அதைச் சுத்தி இருந்த வயல், குளம், சந்து எல்லாத்தையும் நாற்பது வருஷத்துக்கு மேல் பார்த்துக்கொண்டே இருந்தவர் கில்பர்ட் ஒயிட்.

1720 ஜூலை 18 அன்று அதே செல்போர்னில்தான் பிறந்தார். தாத்தா அந்த ஊர்ப் பாதிரியார். பேரனும் ஆக்ஸ்ஃபோர்டில் ஓரியல் கல்லூரியில் படித்துப் பட்டம் வாங்கினார், 1744-ல் அங்கேயே ஃபெல்லோ ஆனார், பாதிரியாரும் ஆனார். அடுத்து சொந்த ஊருக்கே பாதிரியாராகப் போகவேண்டியதுதானே? அங்கதான் சிக்கல். செல்போர்ன் பாதிரியார் பதவியை நிரப்பும் உரிமை மாக்டலன் கல்லூரியிடம் இருந்தது. இவர் படித்ததோ ஓரியல். கல்லூரி மாறிப் படிச்சதுக்காக வாழ்நாள் முழுக்க அந்த வேலை கிடைக்கல.

வேற ஊரில் நல்ல பதவிகள் வந்தன. செல்போர்னை விட்டு நிரந்தரமாகப் போகச் சொன்னதை எல்லாம் தட்டிக்கழித்தார். 1757-ல் ஓரியல் கல்லூரித் தலைவர் பதவிக்குப் போட்டியிட்டார், தோற்றார். கடைசியில் சொந்த ஊரில் உதவிப் பாதிரியாராகவே, அதுவும் விட்டு விட்டு, காலம் ஓடியது. ஃபெல்லோவாக இருக்கும் வரை கல்யாணம் செய்யக்கூடாது என்பது அன்றைய விதி. அவர் செய்யவும் இல்லை. கோச் வண்டியில் ஏறினா தலைசுத்தி வாந்தி வேற. அவருக்குத் தெரிந்த ஜோசப் பேங்க்ஸ் 1768-ல் கேப்டன் குக்கோடு கப்பலேறி உலகம் சுத்தக் கிளம்பினார். ஒயிட் குதிரையில் ஏறி பக்கத்து ஊருக்குப் போய்வந்தார்.

ஃபைனல் இயரில் உட்கார்ந்து இதைப் படிக்கும்போது கொஞ்சம் உறுத்துச்சு. எங்க பேட்ச்ல ஒருத்தன் சொந்த ஊருக்கே திரும்பப் போறேன்னு சொன்னா, என்னடா ஆச்சுன்னுதான் முதலில் கேட்போம். நானும் கேட்டிருக்கேன்.

1751-ல் தோட்டத்துக்கு ஒரு குறிப்பேடு போட ஆரம்பித்தார். எந்தத் தேதியில் என்ன விதைத்தேன், சாண எருவின் சூட்டில் முலாம்பழம் எப்படி வளர்ந்தது, இவ்வளவுதான் விஷயம். 1753-ல் தம்பி ஜானும் அவரும் சேர்ந்து ஹேங்கர் சரிவில் வளைந்து வளைந்து மேலே ஏறும் ஒரு பாதையை வெட்டினார்கள். ஜிக்ஜாக்னு பேர். ஏற்காடு கொண்டை ஊசி வளைவுகளை நடக்கிறதுக்கு ஏத்த மாதிரி சின்னதாக்கினா எப்படி இருக்கும், அதேதான். அந்தப் பாதை இன்னைக்கும் இருக்கு.

அதில் ஏறி அவர் என்ன பார்த்தார்? இலைக்கதிர்க்குருவி என்று ஒரு பறவைக் குடும்பம் உண்டு. பச்சையும் மஞ்சளும் கலந்த கட்டைவிரல் அளவுக் குருவிகள், எல்லாம் ஒரே மாதிரி இருக்கும், இலைக்குள் ஒரு நொடி நிற்காது. ஒரே இனம்னு நினைத்துக்கொண்டிருந்த அந்தக் குருவிகளில் மூன்று இனம் இருக்கு என்று தெளிவாகப் பிரித்துச் சொன்னது ஒயிட். முதலில் காதால்தான் பிரித்தார். ஒன்று ரெண்டே சுரத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லும். இன்னொன்று இறங்கி வரும் சின்ன ராகம். மூன்றாவது உயரமான பீச் மரங்களின் உச்சியில் மட்டும் உட்கார்ந்து வெட்டுக்கிளி மாதிரி சிலிர்க்கும். அப்புறம் பறவையைக் கையில் வைத்து இறகை ஒப்பிட்டு உறுதி செய்தார்.

வயலில் ஒரு குட்டி எலி இருந்தது. பிரிட்டனில் அதை முதலில் விவரித்து எழுதியவரும் இவர்தான். ரெண்டு எலியைத் தராசில் வைத்தால் எதிர்த்தட்டில் ஒரு அரைப் பென்னி செம்புக் காசு போதும். கோதுமை இலைகளால் கிரிக்கெட் பந்து அளவில் உருண்டையாகப் பின்னிய கூடு, உள்ளே எட்டு குட்டி. தாய் எப்படி உள்ளே போய்ப் பால் கொடுக்கும்னு மனுஷன் மண்டையை உடைத்துக்கொண்டார். தேனீக்களுக்குக் காது கேட்குமா என்று கூட்டுக்குப் பக்கத்தில் பெரிய ஊதுகுழலை வைத்துக் கத்தியும் பார்த்தார். தேனீக்கள் கண்டுக்கவே இல்ல. அந்தத் தெருவில் போனவங்க என்ன நினைச்சிருப்பாங்கன்னுதான் எனக்குத் தோணுச்சு.

காட்டில் பார்த்ததெல்லாம் சிரிக்கும்படி இல்லை. ஊருக்குப் பக்கத்தில் லோசல்ஸ் என்ற ஓக் தோப்பு. அதில் ஒரு மரத்தின் நடுவில் பெரிய புடைப்பு. மேலே அண்டங்காக்கைகள் தலைமுறை தலைமுறையாகக் கூடு கட்டின. ஊர்ப் பையன்கள் எத்தனை முறை ஏறிப் பார்த்தும் அந்தப் புடைப்பைத் தாண்ட முடியவில்லை. ஹாம்ப்டன் கோர்ட் பக்கத்துப் பாலத்து வேலைக்கு நீளமான மரம் வேண்டும் என்று தோப்பை விற்றார்கள். பிப்ரவரி மாதம், பறவை அடைகாக்கும் நேரம். ரம்பம் போட்டார்கள், ஆப்பு அடித்தார்கள், காடே அதிர்ந்தது. தாய் எழுந்திருக்கவில்லை. மரம் சாய்ந்தபோது கிளைகள் அடித்து அதுவும் செத்து விழுந்தது. ஒயிட் இதைக் கொஞ்சம்கூட அழுகாச்சி இல்லாமல் எழுதியிருக்கிறார். அதனாலேயே படிக்கிறவனுக்கு வலிக்குது.

இப்போ தகைவிலான் கதைக்கு வரேன். குளிர்காலத்தில் இந்தப் பறவைகள் எங்கே போகுது என்பது அந்தக் காலத்தில் பெரிய கேள்வி. குளத்தடியில் தூங்குதுன்னு நம்பிய படிச்சவங்களும் இருந்தார்கள். தம்பி ஜான் ஜிப்ரால்டரில் ராணுவப் பாதிரியாராக இருந்தபோது, தகைவிலான்கள் கடலைத் தாண்டுவதைக் கண்ணால் பார்த்து எழுதினார். வலசைக்கு இதைவிட என்ன சாட்சி வேணும்? ஒயிட்டும் அதை ஏற்றார். ஆனா மனசு ஒரு ஓரத்தில் ஒத்துக்கல. இலையுதிர் காலக் கடைசியில், மற்றதெல்லாம் போன பிறகும், மார்ட்டின் என்ற தகைவிலான் வகைப் பறவைகள் சில ஹேங்கர் மேலே சுத்திவிட்டு மறைவதைப் பார்த்திருந்தார். சிலதாவது நம்ம காட்டிலேயே தூங்குதோ?

1781 ஏப்ரலில் கூலிக்கு ஆள் வைத்து ஹேங்கரின் ஒரு மூலையைத் தேடினார். புதர், வேர் இடுக்கு, பொந்து எதையும் விடவில்லை. ஒன்றும் கிடைக்கவில்லை. வேலை நடந்துகொண்டிருக்கும்போதே அந்த வருஷத்தின் முதல் மார்ட்டின் பறந்து வந்து, ஊருக்குள் ஒரு பழைய கூட்டுக்குள் நுழைந்து, கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போனது. அதுக்கப்புறம் சில நாள் ஒன்றையும் காணோம். அவருக்குச் சந்தேகம் இன்னும் கூடிப்போச்சு!

அவர் நினைச்சது தப்பு. அது இப்போ நமக்குத் தெரியும். ஆனா தேடினேன், கிடைக்கவில்லை என்பதையும் தேதியோடு எழுதிவைத்தார். தன் ஆசைக்கு எதிரான சாட்சியையும் அதே புத்தகத்தில் விட்டுவைத்தார். நம்ம லேப்ல கிராஃபை முதலில் வரைஞ்சிட்டு அதுக்கு ஏத்த ரீடிங்கை அப்சர்வேஷன் நோட்ல எழுதுற வித்தை எல்லாருக்கும் தெரியும். ரொம்ப வருஷமா ஆசைப்பட்ட ரீடிங்கை ஒருத்தர் எழுதாம விட்டிருக்கார்.

1783 கோடையில் சூரியன் வெளிறிப்போய், தரையெல்லாம் துரு நிற வெளிச்சம் விழுந்ததையும் நாள்வாரியாகக் குறித்தார். ஐஸ்லாந்தில் லாக்கி எரிமலை வெடித்த வருஷம் அது. காரணம் அவருக்குத் தெரியாது, ஆனா பதிவு இருக்கு. மண்புழு இல்லாவிட்டால் நிலம் இறுகிப்போகும் என்று 1777-லேயே எழுதினார். அதே மண்புழுவைப் பற்றி டார்வின் தனிப் புத்தகம் போட்டது 1881-ல்.

இதெல்லாம் தாமஸ் பெனன்ட், டெய்ன்ஸ் பேரிங்டன் என்ற ரெண்டு அறிஞர்களுக்கு எழுதிய கடிதங்களாகத்தான் முதலில் இருந்தது. தொகுத்துப் போட இருபது வருஷம் இழுத்தடித்தார். லண்டனில் பதிப்பாளராக இருந்த இன்னொரு தம்பி பெஞ்சமின் வெளியிட, முகப்பில் 1789 என்ற வருஷத்தோடு செல்போர்னின் இயற்கை வரலாறு வந்தது. ஆசிரியருக்கு அப்போ 68 வயசு. சிறுவன் டார்வின் அதைப் படித்துத்தான் பறவைகளைக் கவனிக்கத் தொடங்கினான். பிற்பாடு 1857-ல் அவரே செல்போர்னுக்குப் போய்ப் பார்த்துவிட்டும் வந்தார்.

1793 ஜூன் 26-ல் ஒயிட் அதே ஊரில் இறந்தார். கல்லறைக் கல்லில் பேர்கூட முழுசா கிடையாது, ஜி.டபிள்யூ. என்ற ரெண்டு எழுத்தும் தேதியும்தான். 1987, 1990 புயல்களில் தெற்கு இங்கிலாந்தில் ஏகப்பட்ட மரங்கள் விழுந்தன. அவர் அளந்து பார்த்த சர்ச் வாசல் யூ மரமும் 1990-ல் சாய்ந்துவிட்டது.

ஒரு ஆமையைப் பத்திச் சொல்லாம விட்டா அவரைப் படிச்சவங்க சண்டைக்கு வருவாங்க. அத்தை வீட்டில் திமோதி என்று ஒரு ஆமை இருந்தது. அத்தை இறந்ததும் 1780-ல் அதைத் தன் தோட்டத்துக்குக் கொண்டுவந்து, எப்போ மண்ணுக்குள் போகுது, எப்போ வெளியே வருது, மழைக்கு எப்படிப் பயப்படுதுன்னு பதிமூணு வருஷம் கவனித்து எழுதினார். அவர் போன அடுத்த வருஷம் திமோதியும் போய்ச் சேர்ந்தது. ஓடு இப்போ லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கு. அதைப் பிறகு ஆராய்ந்தவர்கள்தான் கண்டுபிடித்தார்கள், திமோதி பெண் ஆமை.