சாந்திதாஸ் ஜவேரி: அரசர்க்கு மணி விற்ற சிராவகர்

பொன்னும் மணியும் சேர்த்து வைத்தால் கெட்ட காலத்தில் கைகொடுக்கும் என்பது நம் இல்லங்களில் வழிவழியாக நிலவிவரும் எண்ணம். மழை பொய்த்த ஆண்டில் காதிலும் கழுத்திலும் கிடந்தவை விதைநெல்லாக மாறியதை நம் பாட்டிமார் பலர் கண்டிருக்கின்றனர். இவ்வெண்ணம் எவ்வளவு தூரம் உண்மை? எவ்விடத்தில் அது பொய்த்துப்போகும்? இவற்றை அறிய ஆமதாபாத் நகரத்து மணி வணிகர் சாந்திதாஸ் ஜவேரியின் வாழ்க்கை நமக்குப் பெரிதும் துணைசெய்யும்.

சாந்திதாஸ் 16ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் பிறந்தவர். தந்தையார் சகஸ்ரகிரண். ஓஸ்வால் குலத்தினரான இவர்தம் முன்னோர் மார்வார் நாட்டிலிருந்து குசராத்துக்குக் குடிபெயர்ந்தவர்கள். நாம் திகம்பர மரபினர். அவர் சுவேதாம்பர மரபினர். ஆயினும் அருகன் திருவடியை வணங்கிய சிராவகர் என்ற முறையில் அவர் நமக்கும் உரியவரே. ஜவேரி என்பது மணி வணிகரைக் குறிக்கும் தொழிற்பெயர். அவர் மணிகளை விற்றதோடு, வட்டிக்குப் பணம் கொடுத்தும் உண்டியல் எழுதியும் பொருளீட்டினார்.

அக்காலத்தில் செல்வர்கள் மணிகளை ஏன் நாடினர்? மொகலாயரின் வெள்ளி ரூபாய் தரத்தில் உயர்ந்ததுதான். எனினும் புதிதாக அச்சிட்ட ரூபாய்க்கே முழு மதிப்பு உண்டு. சில ஆண்டுகள் புழங்கியதும், முந்தைய அரசர் பெயர் பொறித்ததும் வட்டம் பிடித்தே வாங்கப்பட்டன. அன்றியும், ஒரு லட்சம் ரூபாயை ஊர்விட்டு ஊர் கொண்டுசெல்ல ஆயிரம் கிலோகிராமுக்கு மேற்பட்ட வெள்ளியைச் சுமக்க வேண்டும். அதே மதிப்புள்ள வைரங்களோ ஒருவர் மடியில் அடங்கிவிடும். மணிகளில் எந்த அரசர் பெயரும் பொறிக்கப்படுவதில்லை. ஆட்சி மாறினாலும் அவை செல்லாக்காசு ஆவதில்லை. ஆகவே கோல்கொண்டா நாட்டு வைரமும், பாரசீக வளைகுடாவின் முத்தும், நம் மன்னார்க் கடலின் முத்தும், பெகு நாட்டு மாணிக்கமும், இலங்கை நீலமும் செல்வர்தம் சேமிப்பாயின.

சாந்திதாஸின் கண் மணிகளின் குற்றம் குணங்களைத் தேர்ந்தறியும் கண். அதனால் ஜகாங்கீர், ஷாஜகான் ஆகிய பேரரசர்களின் அவைக்கு மணிகள் வழங்கும் நிலைக்கு உயர்ந்தார். அரண்மனைக் கதவுகள் அவருக்குத் திறந்தன. அவருடைய மாளிகைகளையும் தோட்டங்களையும் எவரும் கவர்ந்துகொள்ளலாகாது என்று அரச ஆணைகளும் பிறந்தன. ஒரு வணிகருடைய வீட்டுக்கு இத்தகைய ஆணை தேவைப்பட்டது என்பதிலிருந்தே அக்காலச் செல்வத்தின் நிலையாமை புலனாகும்.

ஈட்டிய பொருளை அவர் பூட்டி வைத்திருக்கவில்லை. ஆமதாபாத்தை அடுத்த சரஸ்பூரில் சிந்தாமணி பார்சுவநாதருக்கு ஒரு பெருங்கோயில் எழுப்பினார். 1625இல் நிறைவுற்ற அக்கோயிலை 1638இல் வந்த மாண்டெல்ஸ்லோ என்னும் ஜெர்மானியப் பயணி கண்டு வியந்து எழுதியுள்ளார்.

இனி அவருக்கு நேர்ந்த சோதனைகளைக் காண்போம்.

1630 முதல் 1632 வரை குசராத்தைக் கொடும் பஞ்சம் வாட்டியது. ஊர்கள் பாழடைந்தன. இத்தகைய காலத்தில் மணியும் பொன்னும் வைத்திருப்போர் அனைவரும் ஒரே நேரத்தில் விற்க முற்படுவர், வாங்குவோர் இரார். தானியத்தின் விலை ஏற ஏற, நகையின் விலை இறங்கும். பசிக்கு மணி உணவாகாது. அதனைக் கொண்டு உணவு தர வேறொருவர் இருந்தால்தான் அதற்கு மதிப்பு உண்டு.

1635இல் அவரும் வேறு சில வணிகர்களும் கப்பலில் அனுப்பிய சரக்குகளை ஆங்கிலக் கடற்கொள்ளையர் கவர்ந்தனர். இழந்ததை மீட்க அவருக்கு உதவியது கருவூலத்திலிருந்த மணி அன்று. அரசவையில் அவருக்கிருந்த செல்வாக்கே. அதனைப் பயன்படுத்தி, சூரத்திலிருந்த ஆங்கிலக் கம்பெனியாரிடம் இழப்பீடு பெற்றார்.

மூன்றாவது சோதனை மிகக் கொடியது. 1645இல் குசராத்தின் ஆளுநராக வந்த இளவரசர் ஔரங்கசீப், பார்சுவநாதர் கோயிலை மசூதியாக மாற்றச் செய்தார். சாந்திதாஸ் பேரரசரிடம் முறையிட்டார். 1648இல் ஷாஜகான், அக்கட்டடத்தைச் சாந்திதாஸிடமே திருப்பி ஒப்படைக்குமாறு ஆணையிட்டார். ஆயினும் அங்கு மீண்டும் வழிபாடு நிகழவில்லை. திருவுருவங்கள் நகருக்குள் கொண்டுசெல்லப்பட்டுக் காக்கப்பட்டன என்பர். அரசர்க்கு மணி விற்றவராலும் தாம் எழுப்பிய கோயிலைக் காத்துக்கொள்ள இயலவில்லை.

நான்காவது சோதனை முதுமையில் வந்தது. 1657இல் ஷாஜகான் நோயுற்றார். மைந்தர் நால்வரும் அரியணைக்குப் போரிட்டனர். குசராத்தின் ஆளுநராக இருந்த முராத் பக்‌ஷ் ஆமதாபாத்திலேயே முடிசூடிக்கொண்டு, படை திரட்ட நகர வணிகர்களிடம் கடன் கேட்டார். கேட்டார் என்பது மரியாதைச் சொல், மறுப்பதற்கு இடமில்லை. திரண்ட தொகை ஐந்தரை லட்சம் ரூபாய். அதில் பெரும்பகுதி சாந்திதாஸ் குடும்பத்தாருடையது. செல்வம் இருப்பது ஊரறிந்த செய்தியாகிவிட்டால், அச்செல்வமே ஆபத்தை அழைத்துவரும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

1658 ஜூனில் கடனைத் திருப்பித்தர முராத் ஆணை எழுதிக்கொடுத்தார். மை உலர்வதற்குள், சில நாள்களிலேயே, அண்ணன் ஔரங்கசீப் அவரைச் சிறைப்படுத்தினார். சிறைப்பட்டவரின் கையெழுத்துக்கு என்ன மதிப்பு? சாந்திதாஸ் மனம் தளரவில்லை. தம் கோயிலை மாற்றிய அதே ஔரங்கசீபிடம் சென்று, கடனில் ஒரு பகுதியையேனும் கருவூலத்திலிருந்து தருமாறு ஆணை பெற்றார். புதிய பேரரசர்க்கு வணிகர்களின் நல்லெண்ணம் தேவைப்பட்டது. அதனைப் பெற்றுத்தரக்கூடியவர் சாந்திதாஸ். ஆகவே அவர் மதித்து அனுப்பப்பட்டார்.

இதற்கு முன்பே, சத்ருஞ்சய மலை அடிவாரத்துப் பாலிதானா ஊரை 1657இல் அவர் அரச மானியமாகப் பெற்றிருந்தார். அதன் பயனாக அத்திருமலைக்குச் செல்லும் சமண யாத்திரிகர்க்குப் பாதுகாப்பு கிடைத்தது. 1659 அளவில் அவர் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

அவர் விட்டுச்சென்றது என்ன? பெயரர் குஷால்சந்தின் காலத்தில் இதற்கு விடை கிடைத்தது. 1725இல் ஆமதாபாத்தை மராட்டியப் படை சூழ்ந்து கொள்ளையிட முனைந்தபோது, குஷால்சந்த் தம் சொந்தப் பொருளைக் கொடுத்து நகரைக் காத்தார். நன்றி மறவாத நகர வணிகர்கள், முத்திரையிடப்படும் சரக்கில் நூறு ரூபாய்க்கு நான்கணா வீதம் அக்குடும்பத்துக்கு வழங்க எழுதிக்கொடுத்தனர். கொடுத்த பொருள் சென்றுவிட்டது. அதனால் பெற்ற உரிமை தலைமுறைகளுக்கு நீடித்தது. அவ்வழியில் வந்த கஸ்தூர்பாய் லால்பாய் (1894–1980) ஆலைத் தொழிலில் சிறந்ததோடு, சத்ருஞ்சயக் கோயில்களைப் பேணும் ஆனந்த்ஜி கல்யாண்ஜி அறநிலையத்தையும் நெடுங்காலம் தலைமையேற்று நடத்தினார்.

நம் குடும்பங்கள் இதிலிருந்து அறியத்தக்கவை சில உள. பொன் வைத்திருத்தல் தவறன்று. விளைச்சல் பொய்க்கும்போதும் பிணி வரும்போதும் அது உதவும். ஆனால் நகையாகச் செய்தால் செய்கூலியும் சேதாரமும் விற்கும்போது திரும்புவதில்லை. கல்லிழைத்த நகையில் கல்லின் விலை பெரும்பாலும் கைக்கு வாராது. மணியை வாங்க விரும்புவோர், சாந்திதாஸைப் போல அதன் தரம் அறியும் கண் நமக்கு உண்டா என்று முதலில் கேட்டுக்கொள்ளுதல் நலம். சேமிப்பு அனைத்தையும் ஒரே பொருளில் முடக்குதலும், அதனை ஊரறியக் காட்டுதலும் அறிவுடைமை ஆகா.

இல்லறத்தார்க்கு உரிய அணுவிரதங்கள் ஐந்தனுள் ஒன்று மிகுபொருள் விரும்பாமை. இவ்வளவு போதும் என்று நிலத்துக்கும் பொன்னுக்கும் தானியத்துக்கும் நாமே ஓர் எல்லை வகுத்துக்கொண்டு, எஞ்சியதை அறத்திற்கு ஈதலே அவ்விரதம். அதனைத் துறவுக்கான முதற்படி என்று மட்டுமே நாம் எண்ணுகிறோம். சாந்திதாஸ் குடும்பத்தின் வரலாற்றை நோக்கினால், அது இல்வாழ்க்கைக்கும் நல்ல காவல் என்பது விளங்கும். பெட்டியில் வைத்ததைப் பஞ்சமும் கொள்ளையும் அரசும் தொட்டன. ஊரார் நெஞ்சில் வைத்த நம்பிக்கையோ மூன்றாம் தலைமுறைக்கும் வட்டியுடன் வந்து சேர்ந்தது.